ஆங்கர் பாயிண்ட்டுக்கு "நங்கூரப்புள்ளி" வேணாம், "குடுமிப்புள்ளி" வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம்.

மோஷன் கிராஃபிக்ஸுக்கு, அதாவது படத்தையும் எழுத்தையும் கம்ப்யூட்டர்ல அசைய வைக்கற வேலைக்கு, நாம போடற தமிழ்ச் சொற்பட்டியல் பத்தி இந்த வாரம் வந்த மடல் எல்லாத்தையும் படிச்சேன். ஒரு படத்துல ஒண்ணு மேல ஒண்ணா வெக்கற தனித்தனிப் பகுதியான லேயருக்கு "அடுக்கு"ன்னு முடிவானதுல எனக்கு முழு சம்மதம். வடலூர் நண்பர் "திரை"ன்னு சொன்னதும் மனசுக்குப் பிடிச்சுது. சத்திய ஞான சபையில தைப்பூசத்தன்னிக்கு ஏழு திரையையும் ஒண்ணொண்ணா விலக்கி ஜோதி காட்டுறதைப் பாத்து வளந்தவங்களுக்கு அதுதான் முதல்ல தோணும், ஆனா அங்க முன்னாடி இருக்கற திரை விலகினாதான் பின்னாடி இருக்கறது தெரியும், ஃபோட்டோஷாப்ல எல்லா லேயரும் அது அது இடத்துல இருக்கும்போதே ஒண்ணு மேல ஒண்ணா சேந்து ஒரே படமா தெரியுது, அதுவும் இல்லாம மானிட்டருக்கும் சினிமாவுக்கும் திரைங்கற சொல்லை எப்பவோ குடுத்துட்டோம். அடுக்கே இருக்கட்டும்.

நான் எழுத வந்தது ஆங்கர் பாயிண்ட்டுக்கு, அதாவது லேயர் சுத்தும்போதும் பெருசாகும்போதும் இடம் மாறாம நிக்கற புள்ளிக்கு, போட்டிருக்கற "நங்கூரப்புள்ளி" பத்தி. அதை தயவுசெஞ்சு எடுத்துடணும்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில சாயங்கால வகுப்புல ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ங்கற மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருள் சொல்லித்தர்றேன், கடலூர்லேருந்து பஸ் ஏறி வர்ற பசங்களும் இருக்காங்க. நங்கூரப்புள்ளின்னு போர்டுல எழுதினதும் தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருத்தன் "அங்க நங்கூரம் போட்டா லேயர் நகராதா சார்?"னு கேட்டான். அவன் கேட்டது ரொம்ப நியாயம். படகை நிறுத்தத்தான் நங்கூரம் போடுவாங்க, லேயரை ஆட்டி சுத்தி அசைக்கத்தான் நமக்கு அந்தப் புள்ளி வேணும். சொல்லைக் கேட்ட உடனே எதிர்ப்பக்கமா யோசனை போச்சுன்னா அது கலைச்சொல்லா எப்படி உதவும்?

இந்தச் சொல் எங்க உயிரா நிக்குதுன்னா, அடுக்கு உள்ள படத்தை ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள்ள இறக்குற முதல் நாள்லதான். வகுப்புல நான் வச்சிருக்கற ஃபைல் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேர், பிஎஸ்டியா, அதாவது ஃபோட்டோஷாப் ஃபைலா, வரைஞ்சது. தேரோட உடம்பு ஒரு லேயர், சக்கரம் ஒவ்வொண்ணும் தனி லேயர், ரெண்டு பக்கமும் குழல் மாதிரி தொங்குற துணித் தொம்பை, மேல கொடி, பின்னாடி வானம். இம்போர்ட் பண்ணும்போது எப்படி வேணும்னு மூணு வழி கேக்கும். ஃபுட்டேஜ்னு குடுத்து மெர்ஜ்டு லேயர்ஸை விட்டா எல்லா லேயரும் ஒட்டி ஒரே படமா வந்து நிக்கும், சக்கரத்தைத் தனியா தொடவே முடியாது. கம்போசிஷன்னு குடுத்தா லேயர் எல்லாம் பிரிஞ்சு வரும், ஆனா ஒவ்வொரு லேயரும் முழு ஃபிரேம் அளவுக்கு வரும், சக்கரம் சின்னதா ஒரு மூலையில இருந்தாலும் அந்த லேயர் 1920க்கு 1080 பிக்சல். அப்போ அதோட ஆங்கர் பாயிண்ட் 960, 540ல, அதாவது ஃபிரேமோட நட்ட நடுவுல உக்காந்திருக்கும். இப்போ ரொட்டேஷன் குடுங்க, இடது பக்கம் கீழ இருக்கற சக்கரம் இருந்த இடத்துல சுத்தாம தேரை விட்டுக் கிளம்பி மேல ஏறி ஃபிரேமை விட்டே வெளிய போயி வலது பக்கமா இறங்கி வரும். புதுசா கத்துக்கறவங்க அதைப் பாத்து சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கறாங்க. மூணாவது வழி கம்போசிஷன் ரிட்டெய்ன் லேயர் சைஸஸ், அதுல ஒவ்வொரு லேயரும் தன்னோட படம் இருக்கற அளவுக்கு மட்டும் கட்டம் கட்டி வரும், ஆங்கர் பாயிண்ட் அந்தக் கட்டத்தோட நடுவுல இருக்கும், சக்கரம் நின்ன இடத்துல அழகா சுத்தும்.

அதோட முடியறதும் இல்ல. கொடிக்கு நடுவுல புள்ளி இருந்தா அது காத்தாடி மாதிரி சுத்தும், கம்போட சேர்ற ஓரத்துக்குப் புள்ளியைக் கொண்டு போகணும். தொம்பைக்கு மேல் நுனியில வேணும், அப்பதான் கீழ்ப்பக்கம் ஊசலாடும். இதை பான் பிஹைண்ட் டூல் வச்சு நகத்தணும், கீபோர்டுல ஒய். டைம்லைன்ல ஏ அழுத்தி நம்பரை மாத்தினா புள்ளி அங்கயே நின்னு படம் எகிறிப் போகும், ஏன்னா பொசிஷன் நம்பர்ங்கறதே அந்தப் புள்ளி ஃபிரேமுல எங்க நிக்குதுங்கறதுதான். பான் பிஹைண்ட் ரெண்டு நம்பரையும் சேத்து மாத்துறதால படம் அசையாது.

இப்போ சொல்லுக்கு வர்றேன். பழைய மரக்கதவுக்குக் கீல் கிடையாது, கதவோட ஓரச்சட்டத்துல மேலயும் கீழயும் முளை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அது குழியில உக்காந்து சுத்தும், அதுக்குப் பேரு குடுமி. புதுச்சேரியில வைசியாள் வீதிப் பக்கம் திண்ணை வெச்ச பழைய வீடுகள் இருக்கு, அந்தக் காலத்துக் கதவு மாத்தாம இருந்தா நின்னு பாருங்க. கதவு முழுக்க ஆடும், குடுமி மட்டும் இடம் மாறாது. ஆங்கர் பாயிண்ட் செய்யற வேலை அச்சு அசலா இதுதான். அதனால "குடுமிப்புள்ளி"ன்னு முன்மொழியறேன்.

"சுழல்மையம்" போதுமேன்னு எழுதின அக்காவுக்கு: ஸ்கேல் பண்ணும்போதும் படம் அந்தப் புள்ளியிலேருந்துதான் பெருசாகுது, அங்க சுழற்சியே இல்ல. மையம்னு சொன்னா நடுவுலதான் இருக்கணும்னு ஆயிடும், கொடிக்கு ஓரத்துல இருக்குது, தொம்பைக்கு உச்சியில இருக்குது. கதவுக்குடுமியும் ஓரத்துலதான் இருக்கும். அச்சு, அச்சாணி ரெண்டும் சக்கரத்துக்குப் பொருந்தும், ஆனா எக்ஸ் அச்சு, ஒய் அச்சுன்னு அதே மென்பொருள்ல பக்கத்துப் பக்கத்துல வருதே, ஒரே வரியில ரெண்டு அச்சு வந்தா படிக்கறவங்க பாடு திண்டாட்டம்.

குடுமின்னா தலைமுடிதானே ஞாபகம் வரும், குடுமிப்பிடி சண்டைன்னு பசங்க சிரிப்பாங்கன்னு ஒருத்தர் தனிமடல் போட்டிருந்தார். சிரிக்கட்டும், ஒரு தடவை கதவைக் காட்டிட்டா அப்பறம் மறக்கவே மாட்டாங்க. "புள்ளி" சேத்தே எழுதுவோம், குழப்பம் வராது.

இன்னொரு காரணமும் இருக்கு. இதே விஷயத்தை டூன் பூம் பிவட்ங்குது, பிளெண்டர் ஆரிஜின்ங்குது, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஆங்கர்ங்குது. ஒவ்வொரு மென்பொருளோட இங்கிலீஷையும் தனித்தனியா மாத்தினா நமக்கு மூணு சொல் வரும், ஒரு மென்பொருள்லேருந்து இன்னொண்ணுக்குப் போற பையன் புதுசா என்னமோன்னு நினைப்பான். வேலையைப் பாத்து பேர் வெச்சா ஒண்ணு போதும்.

அந்த மூணு இம்போர்ட் வழிக்கும் பேர் கேட்டிருந்தீங்க. ஃபுட்டேஜ், கம்போசிஷன் எல்லாம் சினிமாக்காரங்க பேச்சு, லேயர் ஃபோட்டோஷாப்ல 1994ல 3.0 வந்தப்பதான் வந்துச்சு, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993லயே வந்தாச்சு, அதனாலயோ என்னமோ அந்த டயலாக்ல ரெண்டு உலகத்துச் சொல்லும் கலந்து கிடக்கு. மூணாவது வழிக்குப் பழைய வெர்ஷன்கள்ல கிராப்டு லேயர்ஸ்னு பேர் இருந்துச்சு, அப்பறம் அவங்களே ரிட்டெய்ன் லேயர் சைஸஸ்னு மாத்திட்டாங்க. முன்னாடி எதை வெட்டுறோம்னு சொன்னாங்க, பின்னாடி எது மிஞ்சுதுன்னு சொல்றாங்க, ரெண்டாவதுதான் கத்துக்கறவங்களுக்கு உதவும். கம்போசிஷனுக்கு "கோர்வை" எனக்குப் பிடிச்சிருக்கு, இலக்கணப்படி "கோவை"தான்னு சொல்றவங்க கோவைன்னா ஊர் ஞாபகம் வரும்ங்கறதையும் யோசிக்கணும். ஆக ஃபுட்டேஜுக்கு "ஒட்டுப்படம்", ரெண்டாவதுக்கு "முழுச்சட்டக் கோர்வை", மூணாவதுக்கு "அடுக்களவுக் கோர்வை". குடுமிப்புள்ளி எங்க விழும்ங்கறது அந்தப் பேர்லயே தெரிஞ்சுடும்: முழுச்சட்டம்னா சட்டத்தோட நடுவுல, அடுக்களவுன்னா அடுக்கோட நடுவுல.

இல்லஸ்ட்ரேட்டர்ங்கற வரையற மென்பொருளோட ஃபைல் பத்தியும் குறிப்புல ஒரு வரி சேக்கணும், அதுல மேல்மட்ட லேயர் மட்டும்தான் தனியா வரும், உள்ள இருக்கறதைப் பிரிக்கணும்னா அங்கயே ரிலீஸ் டு லேயர்ஸ் பண்ணிட்டு, பிரிஞ்சதையெல்லாம் மேல்மட்டத்துக்கு இழுத்துட்டுத்தான் கொண்டு வரணும்.

பேரன்ட் லேயருக்கு யாரோ "தாயடுக்கு"ன்னு எழுதியிருந்தாங்க. சக்கரம், தொம்பை, கொடி எல்லாத்தையும் தேரோட உடம்புல கட்டிவிட்டா உடம்பை இழுத்தாலே எல்லாம் கூட வரும், அதுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. அதைத் தொட வேணாம், அப்படியே பட்டியல்ல ஏத்திடுங்க.