வெறுங்கை உதைக்குமா? – ஆட்டவிதி மொழிபெயர்ப்புக்கு ஒரு சொல் வேண்டும்

கும்பகோணத்திலிருந்து:

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். அன்று மாலை படிகள் ஜெராக்ஸுக்குப் போகின்றன. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடத்தும் கதையாட்ட வகுப்புக்காக, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதை நடத்தும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் விதிகளைத் தமிழாக்கி வருகிறேன். அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டதால் மொழிபெயர்க்கத் தடையில்லை. பகடை, உயிர்ப்புள்ளி, கதைநடத்துநர் எல்லாம் எளிதாக அமைந்துவிட்டன. 'அன்ஆர்ம்டு ஸ்டிரைக்' வந்ததும் நின்றுவிட்டேன். ஆயுதம் இல்லாமல் குத்துவது, உதைப்பது, தலையால் முட்டுவது எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே பெயர்.

முதலில் 'நிராயுதபாணித் தாக்குதல்' என்று எழுதினேன். சென்ற சனிக்கிழமை ஒரு சிறுமி அதைப் படித்துவிட்டு, "ஆயுதம் இல்லாதவர்களை அடிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் மேல் பிழையில்லை. நிராயுதபாணி என்றாலே அடிவாங்குகிறவர் என்றுதான் செய்தித்தாள்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. சொல்லை அங்கேயே அடித்துவிட்டேன்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. இரும்புக் கவசம் அணிந்த காவலனைக் குத்துவதாக ஒருவன் சொன்னான். இருபதுமுகப் பகடை 17 காட்டியது. காவலனுக்கு ஒரு புள்ளி காயம், குத்தியவனுக்கு ஒன்றுமில்லை என்றேன். நாச்சியார்கோயிலிலிருந்து வரும் பையன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் வீட்டில் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். வலக்கையை மேசைமேல் நீட்டி, சுண்டுவிரல் முட்டியில் ஆறிப்போன தழும்பைக் காட்டினான். "விளக்குத் தண்டில் இடித்துக்கொண்டேன். தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றான். விதியில் அவனுக்குச் சொல்ல என்னிடம் விடையில்லை. சொல்லையாவது நீங்கள் கொடுங்கள்.

தேரழுந்தூரிலிருந்து:

அம்மா, வெறுங்கைத் தாக்கு என்று எழுதுங்கள். வெறுமை + கை: ஈறு போய், இனம் மிகுந்து வெறுங்கை. இலக்கணத்தில் ஒரு முடிச்சும் இல்லை.

வெறுங்கை எப்படி உதைக்கும் என்று யாராவது கேட்பார்கள். கம்பன் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், அவனை விட்டுவிட்டு விடைசொல்ல மனம் வரவில்லை. முதற்போரில் தோற்ற இராவணன் 'வெறுங்கையோடு இலங்கை புக்கான்'. களத்தில் அவன் போட்டுவிட்டுப் போனவற்றைப் பாருங்கள்: மார்பு, தோள், நா, பத்து மவுலி, சங்கரன் கொடுத்த வாள், வீரம். இவற்றில் கையில் பிடிக்கிற பொருள் வாள் ஒன்றுதான். நாவையும் வீரத்தையும் இழந்ததற்கும் அதே வெறுங்கை போதுமாக இருந்தது, அதுவும் இருபது கைக்காரனுக்கு! ஆகவே வெறுங்கை உறுப்பின் பெயர் அன்று, நிலையின் பெயர். சந்தைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான் என்றால் அவன் காலைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்று: நிராயுதபாணியில் வரும் 'பாணி'யும் கைதான். வடசொல்லில் கை இருப்பதைப் பொறுத்துக்கொண்டவர்கள் தமிழ்ச்சொல்லில் இருப்பதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

மன்னார்குடியிலிருந்து:

புலவர் ஐயா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குக் கம்பன் வழியாகத்தான் விளங்கவேண்டுமா? 'குத்து' என்று வைத்துவிடுங்கள். நம் சிலம்ப ஆசான்கள் ஆயுதமில்லாத அடிமுறைக்குக் குத்துவரிசை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் உதையும் உண்டு.

குத்து எவ்வளவு பெரிய சொல் என்று பாருங்கள். நெல்லைக் குத்துகிறோம். குத்துவிளக்கில் வரும் குத்து நிமிர்ந்து நிற்பது. செங்குத்து, குத்துக்கல் எல்லாம் அந்த வழி. நடவில் ஒரு குத்துக்கு இரண்டு மூன்று நாற்று என்கிறோம். மேலிருந்து ஊன்றுவதும் ஊன்றியது நிற்பதும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். ஊன்றிய கால், ஊன்றிய கை, இரண்டும் இல்லாமல் அடி ஏது? ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலையில் எனக்கு நேரமிருக்காது. அதற்குள் இதை விரிவாக எழுதி அனுப்புகிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து:

அண்ணன் கட்டுரையை எழுதட்டும், நானும் படிக்கக் காத்திருக்கிறேன். ஆனால் 'குத்து' இந்த விதிக்கு ஒத்துவராது. ஆட்டத்தில் ஈட்டியும் குத்தும்.

பல ஆண்டுகளாக ஆடுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்தப் பையன் கேட்டது பழைய கேள்வி. 1974இல் வந்த ஆட்டம் இது. 1979இல் கதைநடத்துநர் நூலில் குத்துவது, பிடிப்பது, மேலே விழுந்து அமுக்குவது என்று மூன்றாகப் பிரித்து, சதவீதக் கணக்கும் அட்டவணையுமாக எழுதினார்கள். உண்மைக்கு நெருங்கவேண்டும் என்ற ஆசைதான். ஒரு கைகலப்பு முடிவதற்குள் பொழுது போய்விடும். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில், பயிற்சியில்லாமல் வெறுங்கையோடு ஆயுதக்காரனை அடிக்கப் போனால் அவன் முந்திக்கொண்டு ஒரு வெட்டு வெட்டலாம். எனக்குப் பிடித்த விதி அதுவே. கத்தியை நோக்கிப் போகிறவனின் அச்சம் அதில் இருந்தது. 2014இல் எல்லாவற்றையும் சுருக்கி, காயம் ஒன்று, அதனோடு பலத்துக்கு ஏற்ற கூடுதல் புள்ளி (பலம் 10க்குச் சுழியம், 18க்கு நான்கு) என்று வைத்தார்கள். பலம் 10 என்றால் ஒரு புள்ளி. சாதாரண ஊர்க்காரருக்கு உயிர்ப்புள்ளி நான்கு. நான்கு குத்தில் விழுவார். பலம் 18 என்றால் ஐந்து புள்ளி, ஒரே குத்து.

அம்மா, உங்களுக்கு அடுத்த இடறல் ஒன்று இருக்கிறது. அதே 2014 விதியில் கை ஆயுதம் இல்லை, ஆனால் கையால் அடிப்பது 'ஆயுதத் தாக்கு' என்ற வகையில் சேரும். தமிழில் 'ஆயுதத் தாக்கு' என்றால் ஆயுதத்தால் செய்யும் தாக்கு என்று மூன்றாம் வேற்றுமையாகத்தான் எல்லோரும் விரிப்பார்கள். வெறுங்கை வெளியே போய்விடும். அந்த வகைக்கு 'அண்மைத் தாக்கு' என்று பெயர் மாற்றி, ஆயுதம் என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். வெறுங்கைத் தாக்கு அதற்குள் அடங்கும்.

திருவையாற்றிலிருந்து:

எனக்கு வெறுங்கையில் உடன்பாடில்லை. புலவர் ஐயா காட்டிய பாட்டே காரணம். அது தோற்றவனின் கை. 'வெறுங்கை முழம் போடுமா' என்று பழமொழியும் அதை ஏளனம் செய்கிறது. இந்த ஆட்டத்தில் 'மங்க்' என்னும் துறவிப் போராளி ஆயுதமின்றி அடிப்பதையே தவமாகப் பயின்றவர். அவர் அடியை வெறுங்கை என்பது முறையா?

'மெய்த்தாக்கு' என்று எண்ணிப் பார்த்தேன். தொல்காப்பியம் போரைச் சொல்லும் தும்பைத்திணையில் 'படையறுத்துப் பாழி கொள்ளும் ஏமம்' என்ற துறைக்கு, படையைப் போக்கி மெய்யால், அதாவது உடம்பால், பொருவது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கொள்கிறார். ஆனால் மெய் உண்மையும் ஆகுமே. பிள்ளைகள் 'உண்மையான தாக்கு' என்று படித்தால் அந்த நாச்சியார்கோயில் தம்பி உங்களை விடமாட்டான்.

ஆகவே 'எற்று', அதாவது மோதி அடிப்பது. புறநானூறு 80இல் சாத்தந்தையார் மற்போரைப் பாடுகிறார். உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் ஆமூர் மல்லனோடு பொருதபோது ஒரு கால் மல்லனின் மார்பில், மற்றது முதுகை வளைத்து. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோலத் தலையும் காலும் முறிய 'எற்றி' வெல்கிறான். ஆயுதமின்றி வென்றவனுக்குப் புலவர் கொடுத்த வினை அது. காலும் உண்டு, கையும் உண்டு, இழிவு இல்லை.

மன்னார்குடியிலிருந்து:

ஐயா, எற்று எங்கள் வயல்பக்கம் இன்னும் 'எத்து' என்று உயிரோடு இருக்கிறது. கறக்கப் போனால் மாடு எத்தும். பிள்ளைகளுக்கு அது உதை மட்டும்தான். கை போய்விடுகிறதே.

கும்பகோணத்திலிருந்து:

அனைவருக்கும் நன்றி. இரவு பதினொரு மணி, நாளை வெள்ளி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் வெறுங்கைத் தாக்கு என்கிறார்கள். அதையே எழுதிவிட்டேன். 'தாக்குதல்' வேண்டாம், ஆட்டக்காரர் தாளில் அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம்தான். அண்மைத் தாக்கையும் ஏற்றுக்கொண்டேன்.

விதியை உண்மைக்கு ஏற்ப வளைக்கும் வேலையைச் சொல்லின் தலையில் ஏற்றவேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சொல் விதியின் அகலத்துக்கு இருந்தால் போதும். தழும்புக்கு எங்கள் மேசையில் தனி விதி: உலோகக் கவசத்தை வெறுங்கையால் குத்துகிறவருக்கும் ஒரு புள்ளி காயம், துறவிக்கு மட்டும் விலக்கு. பையன் தன் கையாலேயே அதை எழுதித் தந்தான். 'துறவிக்கு ஏன் விலக்கு?' என்றும் ஓரத்தில் எழுதியிருக்கிறான்.

திருவையாற்றிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், சொல்லுக்கு இல்லை. எனக்கு ஒரு படி அனுப்புங்கள் அம்மா. என் படியில் எற்று என்று திருத்திக்கொள்வேன்.