விடைத்தாளை ஒளிக்கும் மகன்: என் கண்டிப்பு காரணமா?

கேள்வி (குடியாத்தம்):
எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், மதிப்பெண் குறைந்த கணக்கு விடைத்தாளை நான்காக மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்ததைக் கண்டு நெஞ்சு பதறியது. அவன் அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் இரவுப் பணி என்பதால் கண்டிப்பதெல்லாம் நான்தான். நான் தவறு செய்கிறேனா?

மறுமொழி (காட்பாடி, ஓய்வு பெற்ற ஆசிரியர்):
அம்மா, கண்டிப்பு தவறன்று. காரணம் சொல்லாத கண்டிப்புதான் பிள்ளையை ஒளிக்கப் பழக்குகிறது. 1960களில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட், பெற்றோரின் வளர்ப்பு முறைகளை அடக்கி ஆள்வது, அரவணைத்து வழிநடத்துவது, போக்கில் விடுவது என மூன்றாகப் பிரித்தார்; எல்லையை வகுத்து, பிள்ளையின் பேச்சுக்கும் காது கொடுத்த வீடுகளில் வளர்ந்தவர்களிடமே தன்னம்பிக்கையும் பொறுப்பும் மிகுந்திருக்கக் கண்டார். மேலும், விளைவுகளை எடைபோடும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிறது. அவனுக்கு வயது பதின்மூன்றுதானே!

மறுமொழி (ஆரணி):
ஐயா சொல்வது உண்மை. தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீளமாக விரிக்கும்போது அப்பாவுடன் நடந்துகொண்டேதான் பள்ளியில் நடந்ததையெல்லாம் சொல்வேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் நூலைப் பார்த்துக் கேட்டதே எனக்குத் துணிவு தந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. இன்றிரவு பூ கட்டும்போது அவனை அருகில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.