சொந்தக் கல்லூரி மருத்துவமனையிலேயே ரெசிடென்சி கிடைக்க என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் எம்.டி. மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி, எங்கள் கல்லூரி மருத்துவமனையிலேயே கிடைக்க வேண்டும், அம்மாவுக்கு இந்த ஊரில்தான் டயாலிசிஸ் நடக்கிறது என்பதால் வேறு ஊருக்குப் போவதை நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது. மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 2022 முதல் வெறும் பாஸ், ஃபெயில்தான், அதனால் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் மதிப்பு கூடிவிட்டது, சரி. சப்-இன்டர்ன்ஷிப்பை (கடைசி ஆண்டில் வார்டில் இன்டர்ன் போலவே வேலை செய்யும் பயிற்சி) ஜூலையிலேயே முடிப்பதா, ஸ்டெப் 2 எழுதிவிட்டு ஆகஸ்டில் செய்வதா? செப்டம்பர் கடைசியில் மருத்துவமனைகள் விண்ணப்பங்களைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிடும், அதற்குள் கடிதம் வந்தாக வேண்டும். நம்மைத் தெரிந்த இடம்தானே என்று விட்டுவிடாமல் கோல்டு சிக்னல் (மிகவும் விரும்பும் இடம் என்று விண்ணப்பத்தில் காட்டும் அடையாளம்) ஒன்றை இங்கேயே கொடுக்கலாமா? அப்புறம், இதுதான் என் முதல் விருப்பம் என்று ரெசிடென்சியை நடத்தும் புரோகிராம் டைரக்டரிடம் எப்போது சொல்வது? படித்த இடத்திலேயே மேட்ச் ஆனவர்கள் (ரெசிடென்சி இடம் ஒதுக்கப்பட்டவர்கள்) தயவுசெய்து சொல்லுங்கள்.