மலை ஈரத்தில் நிற்கும் பைக்: செயின், ஆயில், பிரேக் மூன்றிலும் சிக்கல்

கோத்தகிரி ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது காற்றால் குளிரும் 150 சிசி பைக். பள்ளிக்குப் போக 3 கிலோமீட்டர், திரும்பி வர 3 கிலோமீட்டர், மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையம், அவ்வளவுதான் ஓட்டம். வாரந்தோறும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, இரவில் தார்ப்பாயால் இறுக மூடி வைக்கிறேன். இருந்தும் ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து செயின் துருப்பிடிக்கிறது. என்ஜின் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர் போல வெளுப்பாகப் படிகிறது. மேட்டுப்பாளையம் இறங்கி முடிக்கும் நேரத்தில் முன் டிஸ்க் பிரேக்கின் லிவர் பஞ்சு போல அமுங்கி, சிறிது நேரம் நின்றதும் சரியாகிவிடுகிறது. பராமரிப்பில் எங்கே தவறுகிறேன்?

குன்னூர் மெக்கானிக்:
சார், முதலில் பிரேக்கைப் பாருங்கள். மற்ற இரண்டும் காத்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புதிய டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண்) ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரமேறியபின் அந்த வரம்பு 155 அளவுக்கு இறங்கிவிடும். இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் டிஸ்க்கின் சூடு ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. அப்போது உண்டாகும் ஆவி அமுங்கிக் கொடுப்பதால், கையின் அழுத்தம் டிஸ்க்கை இறுக்கும் பேடு வரை போய்ச் சேர்வதில்லை. ஆறியதும் லிவர் இறுகிவிடுவதை நம்பி ஏமாறாதீர்கள். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் பொறித்துள்ள டாட் எண்ணைப் பார்த்து, பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதியதை நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். அதுவரை தயவுசெய்து மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்தில் போங்கள். பிறகும் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில், என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்குங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

மோர் போன்ற வெளுப்பு, ஆயிலோடு நீர் கலந்ததால் வருவது. உங்கள் என்ஜினில் கூலன்ட், அதாவது குளிர்விக்கும் திரவம், கிடையாது. எனவே அதைக் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் போய்விட்டதோ என்று அஞ்ச வேண்டாம். மூன்று கிலோமீட்டரில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால், உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடுகிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியிலும் வெளுப்புத் தெரிந்தால் உடனே ஆயிலை மாற்றிவிடுங்கள். உங்களைப் போலக் குறைவாக ஓட்டுபவர்கள் சர்வீசுக்குக் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதத்தைக் கணக்கிட வேண்டும்.

கூடலூர் வாசகர்:
ஆடி மழையிலேயே வண்டி ஓட்டிப் பழகியவன் என்பதால் சொல்கிறேன்: அந்தத் தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். ஈர வண்டியை இறுக மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் துரு ஏறும். கூரையின் கீழ் காற்றோட்டமாக நிறுத்தினாலே போதும். கழுவும்போது வீல் பேரிங்கிலும் செயினிலும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். செயினை மண்ணெண்ணெய் தொட்ட மென்மையான பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, 90 எண் கியர் ஆயிலை உட்புறம் படும்படி விட்டு, மிச்சத்தை வழித்துவிடுங்கள். மழையில் நனைந்த நாளன்று வழக்கமான 500 கிலோமீட்டர் ஆகட்டும் என்று காத்திருக்காமல் அன்றே செய்துவிட வேண்டும். ஆயில் டிஸ்க்கில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி ஆசிரியர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரேக் ஆயில் டப்பாவின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே டிகாக்ஷன் நிறத்தில் இருக்கிறது. வண்டி வாங்கி நான்கு ஆண்டுகளாகியும் ஒருமுறைகூட மாற்றவில்லை. சனிக்கிழமை மாற்றக் கொடுக்கிறேன்; அதுவரை பள்ளிக்கும் நடந்தே போகிறேன்.