அடிசன் நோய் உள்ள நாயை வளர்ப்பவர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐந்து வயதுப் பெண் லாப்ரடாருக்கு அடிசன் நோய், அதாவது அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு, இருப்பது சென்ற மாதம் உறுதியானது. மூன்று மாதங்களாக வாந்தியும் சோர்வும் வருவதும், டிரிப்ஸ் ஏற்றியதும் தெளிவதுமாக இருந்ததால், முதலில் வயிற்றுக் கோளாறு என்றும் பிறகு சிறுநீரகப் பழுது என்றும் கருதியே சிகிச்சை நடந்தது. ஒருநாள் காலையில் சோற்றுத் தட்டின் முன்னாலேயே பின்னங்கால்கள் மடங்கி விழுந்துவிட்டது. இரத்தத்தில் சோடியம் 128 ஆக இறங்கி, பொட்டாசியம் 7.2 ஆக ஏறியிருந்ததைக் கண்ட மருத்துவர், அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஹெச் ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து, அச்சுரப்பி சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனை அளந்தார். அளவு அசையவே இல்லை.

என் பெரியப்பாவுக்குக் காசநோயால் இதே குறைபாடு வந்தபோது, உள்ளங்கை ரேகைகள் கறுத்ததை வைத்தே சந்தேகித்தார்கள். நாயிடம் அப்படியோர் அடையாளத்தை எதிர்பார்க்க முடியாது.

இப்போது கார்டிசோலுக்கு ஈடான பிரெட்னிசோலோனும், சோடியம், பொட்டாசியம் உப்புகளைச் சமன்செய்யும் ஃப்ளூட்ரோகார்டிசோனும் தினமும் கொடுக்கிறோம். இரண்டாவது மாத்திரை எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் அடிக்கடி தீர்ந்துவிடுவதால், தட்டுப்பாடின்றிப் பெறும் வழியை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். அதற்கு மாற்றாக ஏறத்தாழ மாதம் ஒருமுறை போடும் டிஓசிபி ஊசிக்கு மாறியவர்கள் இருந்தால், எத்தனை நாளில் உப்புகளின் அளவு நிலைப்பட்டது என்பதையும் கூறுங்கள். பதற்றமான நாட்களில் பிரெட்னிசோலோனைக் கூட்டித் தரவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தீபாவளி வெடிச்சத்தத்துக்கு நீங்கள் எத்தனை நாள் முன்பே அதைத் தொடங்கினீர்கள்?