கோவைக்கொடியும் காட்டுமுயலும்: உங்கள் அனுபவம் என்ன?

ஈசூன்வாசி:
இங்கே சிங்கப்பூரில், பழைய ரயில் பாதையோர வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியில் ஒரு துண்டை வெட்டி வந்து, வீட்டு வாசல் தொட்டியில் ஊன்றினேன். மூன்று ஆண்டுகளாகப் பூக்கிறது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. சலித்துப்போய்ச் சென்ற மாதம் தரையோடு வெட்டியெறிந்தேன். கிழங்குபோல் பருத்த வேரிலிருந்து சில நாள்களிலேயே அது மீண்டும் துளிர்த்தபோது, புதுக்கோட்டைப் பக்கத்தில் அப்பாவின் கடலைக்கொல்லையில் சிறுவயதில் கண்ட காட்டுமுயல் நினைவுக்கு வந்தது. காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு, என் பாதம் ஒரு சாண் தொலைவில் பதியும்வரை அது அசையவேயில்லை. விலாப்புறம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு மண் தெறிக்கப் பாய்ந்து மறைந்தது. ஓட வழியில்லாத கொடி வெட்டுப்பட்டும் பிழைக்கிறது. முயலுக்கோ கால்களைத் தவிர வேறு துணையில்லை என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

பொங்கோல் வாசகி:
அண்ணன் சொல்லும் கடைசி வரியை என்னால் ஏற்க இயலவில்லை. மண்ணோடு கலந்துவிடும் பழுப்பு நிறமும் அசையாமையுமே காட்டுமுயலின் முதல் காவல். ஓட்டம் அதற்கு அடுத்ததுதான். அது வளை தோண்டுவதில்லை என்பதால், குட்டிகளும் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. வீட்டில் வளர்க்கும் குழிமுயலின் குட்டிகளோ உரோமமின்றி, கண்மூடிப் பிறப்பவை. இங்கே புல்வெளியில் யாரோ விட்டுச்சென்ற வெள்ளைக் குழிமுயல் ஒன்றைக் கண்டேன். அதுவும் அசையாமல்தான் இருந்தது. ஆனால் சாலையிலிருந்தே அதன் வெண்மை தெரிந்தது. நான் குனிந்ததும் என் செருப்பருகே வந்து ஒட்டிக்கொண்டது. அதை எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது.

தேக்கா அம்மா:
தம்பி, உங்களுடையது ஆண்கொடியாக இருக்கும். முயலைப் போலவே கோவையிலும் ஆண் வேறு, பெண் வேறு. என் பெண்கொடியும் பல மாதங்கள் வெறுமனே பூத்து உதிர்ந்தது. எதிர்வீட்டார் ஓர் ஆண்கொடி வைத்த பிறகே காய்த்தது. இதழ்களுக்குக் கீழே பிஞ்சுபோன்ற சிறு புடைப்பு இருந்தால் அது பெண்பூ. ஆகவே ஆண்கொடியைக் களையாமல், பென்சில் பருமனுள்ள பெண்கொடித் துண்டு ஒன்றை அருகில் ஊன்றுங்கள். பூங்காக்களில் அனுமதியின்றி வெட்டுவது சட்டப்படி குற்றம் என்பதால், வளர்ப்பவரிடம் கேட்டு வாங்குவதே முறை. அடுக்குமாடி வீட்டு வாசலிலுள்ள பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டே தொட்டி வையுங்கள். பழுத்தவற்றை உடனுக்குடன் பறித்துவிடுங்கள். பறவைகள் விதையைப் பரப்பினால் அண்டை மரங்களையும் கொடி மூடிவிடும், ஹவாயில் அப்படித்தான் நேர்ந்தது. என் கொடியிலிருந்து இரண்டு துண்டுகள் எடுத்து வைக்கிறேன்.