ரேடியோதெரபி டெக்னாலஜி எடுக்கலாமா? மெஷின் அறையில பார்த்ததைச் சொல்லுங்க

ப்ளஸ்டூ_பயாலஜி
கவுன்சிலிங்ல பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி (கேன்சருக்குக் கதிர் வைக்கிற படிப்பு) போடலாமான்னு வீட்ல பேச்சு. "பட்டன் அழுத்துற வேலை"ன்னு சித்தப்பா, "ரேடியேஷன், வேண்டவே வேண்டாம்"னு அம்மா. உள்ள நடந்த ஒரு சம்பவமாச்சும் யாராவது எழுதுங்களேன்.

லினாக்_கன்சோல்
நாக்குல கேன்சர், 35 சிட்டிங் (தடவை), மொத்தம் 70 கிரே (கதிரோட அளவு). நாலாவது வாரம். தலை அசையாம இருக்க மாஸ்க் மாட்டி கிளிப் போட்டாச்சு, ஆனா தாடைக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல விரல் தாராளமா போகுது. வாய்ப்புண்ணுல சாப்பாடு இறங்காம ஆள் இளைச்சுட்டார். அந்த மாஸ்க், 70 டிகிரி வெந்நீர்ல போட்டு இளகினதும் முகத்து மேல இழுத்துப் பிடிச்சு இறுக வச்சது. முதல் நாள் இருந்த முகத்தோட அளவு அது.

கோன்பீம் சி.டி. (மெஷின்லயே படுக்க வச்சு எடுக்கிற ஸ்கேன்) எடுத்தா தாடை கீழே சாய்ஞ்சிருக்கு. டேபிளை நகர்த்தி மேல் கழுத்து எலும்பைப் பொருத்தினா கீழ் கழுத்து விலகுது. தலை திரும்பியிருக்கும்போது, நேர்கோட்டுல மட்டும் நகர்ற டேபிளால அதைச் சரி பண்ண முடியாது. தண்டுவடத்துக்கு 45 கிரேக்கு மேல போகாம பிளான் போட்டிருப்பாங்க. அதுக்கும் கதிரோட ஓரத்துக்கும் இருக்கிற இடைவெளி சில மில்லிமீட்டர்தான். பேச முடியாத மனுஷன், "பரவால்ல, வச்சிடுங்க"ன்னு கையாலயே காட்டறார். வைக்கல. டாக்டருக்கும், கதிர் அளவைக் கணக்குப் போடற பிசிசிஸ்ட்டுக்கும் போன். புது மாஸ்க், புது சி.டி., புது பிளான். அவர் கீழே இறங்கிப் போன விதம்தான் இன்னும் உறுத்துது.

பெல்விஸ்_வரிசை
மேல எழுதினவர் சொன்னது சரி, ஆனா மாஸ்க்ல சந்தேகம் வந்தா கூப்பிட மேல ஆள் இருக்கு. தினசரி உயிரை எடுக்கறது தண்ணி. கர்ப்பவாய்ப் புற்றுக்கு வர்றவங்க பாத்ரூம் போயிட்டு, அரை லிட்டர் குடிச்சு, முக்கால் மணி நேரம் காத்திருக்கணும். பிளானிங் சி.டி.ல மூத்திரப்பை எவ்வளவு நிறைஞ்சிருந்ததோ தினமும் கிட்டத்தட்ட அவ்வளவு. நிறைஞ்சா குடல் மேல தள்ளிப் போகும், கதிர் குறைவா படும்.

ஒரு நாள் எம்.எல்.சி. (கதிருக்கு வடிவம் கொடுக்கிற உலோகத் தகடுகள்) லீஃப் மோட்டார் நின்னு போச்சு. சரி பண்றதுக்குள்ள தண்ணி குடிச்சு உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பை பலூன் ஆயிடுச்சு, கர்ப்பப்பையே இடம் மாறியிருந்தது. பாதி மட்டும் போயிட்டு வாங்கன்னா யாரால முடியும்? முழுசா போயிட்டு மறுபடி முதல்லேர்ந்து. "தம்பி, கடைசி பஸ் போயிடும், இன்னிக்குக் கரண்ட் வேணாம், நாளைக்கு வச்சுக்கலாம்." கதிரைத்தான் கரண்ட்னு சொல்வாங்க. விட்டா ஒரு நாள்தானேன்னு தோணும். உள்கதிர் சிகிச்சையும் (உடம்புக்குள்ளயே சோர்ஸ் வச்சுக் கொடுக்கறது) சேர்த்து மொத்தம் எட்டு வாரத்துக்குள்ள முடியணும். விட்ட சிட்டிங்கை சனிக்கிழமை வைக்கணும், இல்லேன்னா ஒரே நாள்ல ஆறு மணி நேர இடைவெளி விட்டு ரெண்டு.

கோபால்ட்_பழசு
ரெண்டு பேரும் லினாக் (மின்சாரத்துல கதிர் உண்டாக்குற மெஷின்) மட்டும்தான் உலகம்னு எழுதறீங்க. கதிரியக்க கோபால்ட்டை உள்ள வச்சிருக்கிற கோபால்ட் மெஷின் இன்னும் ஓடுது தம்பி. அதுல பாபாட்ரான் இங்கே செஞ்ச மெஷின்தான்.

டைமர் முடிஞ்சது, சிவப்பு விளக்கு அணையல, சுவர்ல இருக்கிற சோன் மானிட்டரும் (அறையில கதிர் இருக்கான்னு காட்டறது) அணையல. சோர்ஸ், அதாவது கதிர் விடற கோபால்ட், உறைக்குள்ள திரும்பல. எமர்ஜென்சி ஸ்விட்ச் தட்டியும் பலனில்ல. நடக்கத் தெரிஞ்ச நோயாளின்னா மைக்ல சொல்லி இறங்க வைக்கணும். இல்லேன்னா உள்ள போயி, பீம் வழியில உடம்பு படாம டேபிளை இழுத்து, ஆளை வெளியே கொண்டு வந்து கதவைச் சாத்தணும். ஆர்.எஸ்.ஓ. (கதிர் பாதுகாப்பு அதிகாரி) சொன்ன பிறகுதான் டி-ராடுங்கற கம்பி வச்சு சோர்ஸை உள்ள தள்றது. அன்னிக்கு டி-ராடு சுவர்ல மாட்டின இடத்துல இல்ல. பூட்டின பீரோவுல இருந்துச்சு.

இது கேட்காத அறிவுரைதான், இருந்தாலும் எழுதறேன். ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் வேற படிப்பு, அது எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் பக்கம். பேரைப் பார்த்துக் குழம்பி சேராதீங்க. கல்லூரிக்குச் சொந்தமா லினாக்கோ கோபால்ட்டோ இருக்கான்னு நேர்ல போய்ப் பாருங்க. இல்லாத இடத்துல மூணு வருஷமும் படம் பார்த்துப் படிச்சு, இன்டர்ன்ஷிப்லதான் முதல் தடவை பென்டன்ட்டை (மெஷினையும் டேபிளையும் நகர்த்தற கைக் கருவி) தொடுவீங்க. அம்மாவோட பயத்துக்கு: இந்த வேலை பார்க்கறவங்களுக்கு டோஸ் வரம்பு அஞ்சு வருஷ சராசரியில வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்துலயும் 30-ஐத் தாண்டக் கூடாது. டி.எல்.டி. பேட்ஜை (நம்ம மேல பட்ட கதிரைப் பதிவு பண்றது) நெஞ்சுல மாட்டுங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை அனுப்பி அளப்பாங்க. கோட்டோட சேர்த்து ட்ரீட்மென்ட் அறையில தொங்க விட்டுட்டு வந்தா பேட்ஜ்தான் டோஸ் வாங்கும், விசாரணைக் கடிதம் உங்க பேருக்கு வரும். கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே எழுத்துல சொல்லணும். வேலை போகாது, வேற இடத்துல போடுவாங்க. இன்னொண்ணு, கோபால்ட் மாசம் சுமார் ஒரு சதவீதம் தேயும், அதனால ட்ரீட்மென்ட் நேரத்தை மாசாமாசம் திருத்தணும், அந்த சார்ட்டை...

லினாக்_கன்சோல்
ஐயா, கோபால்ட் இல்லைன்னு யார் சொன்னா? பையன் கேட்டது சம்பவம்.

ஐசோசென்டர்
சின்னதா ஒண்ணு. "முருகேசன்"னு கூப்பிட்டதும் வராண்டாவுல ரெண்டு பேர் எழுந்தாங்க. முன்னாடி வந்தவருக்குக் காது மந்தம், எது கேட்டாலும் "ஆமா"தான். படுக்க வச்சாச்சு. டேபிள் நிக்கிற இடத்தோட எண் பிளானோட பொருந்தல, மெஷின் லாக் ஆச்சு, அப்புறம்தான் திரையில இருந்த போட்டோவைப் பார்த்தாங்க. "நீங்க முருகேசன்தானே?"ன்னு கேட்கவே கூடாது. "உங்க பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்த இடத்துக்கு வைக்கிறோம்?"னு கேட்டு அவரே சொல்லணும். காது கேட்காதவர்னா கூட வந்தவரைக் கதவு வரைக்கும் கூட்டிட்டு வாங்க.